பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரம்மா

பெண் படித்த பாதை – 19

மெரினா கடற்கரைச் சாலையில் பிரசிடென்சி கல்லூரியைத் தாண்டித் தெற்கே நடந்தால், வலது கைப் பக்கம் வட்டமாக முன்தள்ளி நிற்கும் ஒரு பழைய கட்டடம் கண்ணில் படும். வாசலில் விவேகானந்தர் இல்லம் என்று எழுதியிருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் சற்று யோசிப்பார். ஐஸ் ஹவுஸ் என்று சொல்லிப் பாருங்கள், உடனே மீட்டரைத் தட்டுவார்.

1842-ல் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் கம்பெனி தன் சரக்கை வைக்கக் கட்டிய கிடங்கு அது. சரக்கு, பனிக்கட்டி. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்ததை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து துரைமார் வீடுகளுக்கு விற்றார்கள். பனிக்கட்டியை இங்கேயே இயந்திரத்தில் செய்துகொள்ள வழி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி வக்கீல் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே வந்து தங்கினார். அதே ஆண்டு தொடங்கி 1907 வரை ராமகிருஷ்ண மடம் இங்கேதான் இயங்கியது.

பனிக்கட்டிக் கதையும் சுவாமிஜி கதையும் பலரும் எழுதியவை. இரண்டுக்கும் பிறகு இதே கட்டடத்தில் இன்னொரு கதை நடந்தது. ஊரார் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கி வைத்த இளம் பெண்கள், இங்கிருந்து கையில் புத்தகத்தோடு வெளியே நடந்து போனார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்களே சென்னை மாகாணத்துப் பெண் பள்ளிகளில் டீச்சரம்மாக்களாகப் போய் நின்றார்கள். இந்த இதழில் அந்தக் கதை.

போன இதழில் ரிஷியூர் சுப்பிரமணிய ஐயர் மகள் சுப்பலட்சுமியை 1911-ம் ஆண்டில், கையில் பி.ஏ. பட்டத்தோடு விட்டுவிட்டு வந்தோம். 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே புருஷன் இறந்துபோனார். அப்பாவும் அம்மா விசாலாட்சியும் மகளுக்கு மொட்டை போடவில்லை, மூலையில் உட்கார்த்தவும் இல்லை. அப்பா வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கான்வென்ட், அதற்குப் பிறகு பிரசிடென்சி கல்லூரி. முதல் வகுப்பில் தேர்ச்சி. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. தெருவில் கிடைத்த ஏச்சையும் சேர்த்துத்தான் அந்தப் பட்டம்.

பட்டம் வாங்கியவர் என்ன செய்யப்போகிறார்? அவர் தனக்கென்று ஒரு வேலை தேடிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அன்றைய அரசாங்கத்துக்கு அப்படி ஒரு பெண் கிடைத்தால் போதும், எந்தப் பள்ளிக்கும் தலைமையாசிரியை ஆக்கிவிடும். ஆனால் அவர் வீட்டிலேயே கண்ணெதிரே இன்னொருவர் இருந்தார். சித்தி வாலாம்பாள். அம்மாவின் தங்கை. அவரும் சின்ன வயதிலேயே கைம்பெண் ஆனவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு கைம்பெண்கள். ஒருத்திக்குப் படிப்பு கிடைத்தது, இன்னொருத்திக்கு அடுப்படி கிடைத்தது. பிற்பாடு நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த ஒரு படம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1911 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர். பெண்களைப் படிக்க வைக்கவேண்டும் என்று அரசாங்கமும் சொன்னது, காங்கிரஸ்காரர்களும் சொன்னார்கள், பத்திரிகைகளும் தலையங்கம் எழுதின. பள்ளி திறப்பது பெரிய காரியமில்லை. ஒரு ஓட்டுக் கட்டடமும் நாலு பெஞ்சும் இருந்தால் போதும். யார் சொல்லிக்கொடுப்பது? அங்கேதான் முட்டியது. ஆண் வாத்தியார் என்றால் பெண்ணை அனுப்பமாட்டார்கள், அதிலும் பத்து வயது தாண்டிவிட்டால் அனுப்பவே மாட்டார்கள். அன்று இருந்த பெண் ஆசிரியர்களில் பெரும்பாலோர் மிஷன் பள்ளிகளில் பயின்ற கிறிஸ்தவர்கள். உண்மையில் இந்த நாட்டில் பெண் கல்விக்கு முதல் கல் எடுத்து வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் சாதி இந்துக் குடும்பங்கள் மதம் மாற்றிவிடுவார்களோ என்று மிரண்டன. இந்துக் குடும்பத்துப் பெண்ணை ஆசிரியையாக ஆக்கலாம் என்றால், அவளுக்குப் பன்னிரண்டு வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. பிறகு பிள்ளை, குட்டி, மாமியார். அவள் எங்கிருந்து வேலைக்கு வருவாள்?

இது ஒரு பற்றாக்குறை. இன்னொரு பக்கம், பிராமண வீடுகளின் பின்கட்டில் வேறொரு கூட்டம் இருந்தது. பதினைந்து வயது நிரம்பும் முன்பே விதவையானவர்கள் மாகாணத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1856-லேயே விதவை மறுமணச் சட்டம் வந்திருந்தும், அதனால் வாழ்க்கை பெற்றவர்கள் சொற்பம். புக்ககத்திலும் இடமில்லை, பிறந்தகத்திலும் பாரம். ஒரு வேளைச் சாப்பாடு, நார்மடிப் புடவை, ஏகாதசிப் பட்டினி. அண்ணன் வீட்டில் அரைக்கவும் இடிக்கவும் பிள்ளை தூக்கவும் ஓர் ஆள். எதிரே வந்தால் சகுனத் தடை. அவர்களுக்கு நேரம் இருந்தது, வயது இருந்தது, புத்தி இருந்தது. பிழைக்க வழியில்லை.

பள்ளிகளுக்கு டீச்சர் இல்லை. இந்தப் பெண்களுக்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் சுப்பலட்சுமி. மற்றவர் மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச், பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைச் சோதித்து, ஆசிரியை இல்லாமல் அவை தள்ளாடுவதைக் கண்ணால் கண்டவர். இளம் விதவைகளை ஆசிரியைகளாகப் பயிற்றினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. அதைச் செய்து காட்ட, அந்தச் சமூகத்தாலேயே தள்ள முடியாத ஒரு பெண் வேண்டும். வெள்ளைக்காரி வந்து கூப்பிட்டால் எந்தப் பிராமணத் தகப்பன் தன் விதவை மகளை அனுப்புவான்? சுப்பலட்சுமி கூப்பிட்டால் கொஞ்சம் யோசிப்பான். அவரும் அதே துக்கத்தைச் சுமந்தவர்.

1912-ல் சாரதா லேடீஸ் யூனியன் பிறந்தது. சாரதா என்பது கலைமகளின் பெயர். சங்கம் என்றதும் ஊர்வலமும் தீர்மானமும் நினைவுக்கு வரவேண்டாம். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டு, பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. இன்று இது ஒன்றுமில்லாததாகத் தோன்றும். அன்றைக்கு ஒரு பெண் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வேறெதற்கும் வீட்டுப் படி இறங்கினால் காரணம் சொல்லவேண்டும். கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்ல ஒரு கூட்டம் முதலில் இருக்கவேண்டுமே!

அந்தச் சங்கத்தின் கையால் உருவானதுதான் விதவைகளுக்கான சாரதா இல்லம். எழும்பூரில் அப்பா வீட்டில், நாலு பெண்களோடு தொடங்கியது. எழும்பூர் என்பதையும் கவனிக்கவேண்டும். மயிலாப்பூர் மாடவீதியிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்த ஆசாரக் கண் அங்கே அவ்வளவாக இல்லை. வாலாம்பாள் சித்தி இல்லத்தின் பொறுப்பில் தோள் கொடுத்தார். அதுவரை ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குள் செலவழிந்துகொண்டிருந்த அவர் உழைப்புக்கு முதல் முறையாக ஒரு பெயர் கிடைத்தது. பட்டதாரியான அக்கா மகளுக்கும் எழுத்து வாசனையில்லாமல் வந்து சேரும் பெண்களுக்கும் நடுவில் சித்தி நின்றிருக்காவிட்டால், இல்லம் ஒரு வருஷம் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம். பட்டத்தைப் பார்த்து யாரும் தங்கள் பெண்ணை அனுப்பவில்லை. சித்தியின் நார்மடியைப் பார்த்து அனுப்பியவர்கள் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இல்லத்துக்குள் சமையலும் மடியும் விரதமும் பிராமண வீட்டு முறைப்படியே இருந்தன. மறுமணம் என்ற பேச்சை இல்லம் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் பார்த்துப் பிற்காலத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இது என்ன சீர்திருத்தம், ஆசாரத்தை அப்படியே கட்டிக்காப்பாற்றுகிற சீர்திருத்தம் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலுக்கு மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு வருவோம். பம்பாயில் பண்டித ரமாபாய் 1889-ல் விதவைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அதன் பெயரும் சாரதா சதனம்தான். ரமாபாய் கிறிஸ்தவத்தைத் தழுவியவர். மாணவிகள் அவருடைய பிரார்த்தனையில் சேர்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், ஆதரவு தந்த இந்துப் பெரியவர்கள் ஒரேயடியாக விலகிக்கொண்டார்கள், பெற்றோர் பெண்களைத் திரும்ப அழைத்துப் போனார்கள். புனேயில் கார்வே 1896-ல் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். சாரதா சதனத்தில் படித்த ஒரு விதவையை 1893-ல் மணந்துகொண்டவர் அவர். அதற்காக ஊர் அவரைத் தள்ளி வைத்தது. ஆனாலும் தன் இல்லத்தில் மறுமணத்தைப் பற்றிப் பேசாமல் படிப்பை மட்டுமே முன்வைத்தார். இரண்டு இடங்களும் சொல்லும் பாடம் ஒன்றுதான். பெற்றோரின் நம்பிக்கை போனால் பெண்கள் வரமாட்டார்கள், பெண்கள் வராவிட்டால் இல்லமே இல்லை.

சுப்பலட்சுமிக்கு இந்த நம்பிக்கைக் கயிறு இன்னும் மெல்லியது. கான்வென்டில் படித்தவர். கன்னியாஸ்திரிகளின் சேவை மனத்தில் ஆழப் பதிந்தவர். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தார்கள், இன்றும் சிஸ்டர் சுப்பலட்சுமி என்றால்தான் தெரியும். இந்த ஒரு சொல் போதும் ஊர்வாய்க்கு. அதனால்தான் அடுப்படியில் ஆசாரத்தைத் துளி பிசகாமல் வைத்துக்கொண்டார். அடுப்படியை விட்டுக்கொடுத்து வகுப்பறையை வாங்கினார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். வாங்கியது சாதாரணமானதா? மாதச் சம்பளம். அண்ணன் வீட்டில் கையேந்தி நின்றவள் மாதம் பிறந்தால் அண்ணன் பேருக்கு மணியார்டர் அனுப்பலாம் என்ற நிலை. சாஸ்திரத்தோடு வாதம் பண்ணி அந்த நிலையை வாங்க இன்னும் ஐம்பது வருஷம் ஆகியிருக்கும்.

இல்லம் வளர்ந்தது. எழும்பூர் வீடு போதவில்லை. அரசாங்கம் உதவித்தொகை தந்தது, பிறகு பொறுப்பையே கையில் எடுத்துக்கொண்டது. ஆளில்லாமல் கிடந்த ஐஸ் ஹவுஸ் விதவைகள் விடுதி ஆயிற்று. வட்டக் கட்டடம், முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். தஞ்சாவூர் ஜில்லாவில் ஏதோ ஓர் அக்கிரகாரத்தின் இருட்டுக் காமிரா உள்ளில் நாளைக் கழித்த பதினாலு வயசுப் பெண், முதல் நாள் காலையில் இந்த மாடி ஜன்னலைத் திறந்திருப்பாள். அவள் முகத்தில் அடித்த அந்தக் காற்றை எந்த அறிக்கையிலும் எழுதிவைக்க முடியாது.

இந்தக் கடற்கரைச் சாலையை அப்படியே மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வடக்கே சேப்பாக்கத்தில், சுப்பலட்சுமி பட்டம் வாங்கிய பிரசிடென்சி. நடுவில் ஐஸ் ஹவுஸ். தெற்கே கேப்பர் ஹவுஸ் என்ற பங்களாவில் 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி, பிற்பாடு ராணி மேரி கல்லூரி. சென்னையில் பெண்களுக்கென்று அரசு திறந்த முதல் கல்லூரி அது. மறு ஆண்டு 1915-ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்பு பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஓர் இந்துப் பெண்ணை அதிசயமாகப் பார்த்த நகரம் இது. இப்போது ஒரு பெண் அரிச்சுவடியில் தொடங்கிப் பட்டம் வரைக்கும் போக, கடலைப் பார்த்துக்கொண்டே நடந்துபோகிற தூரத்தில் எல்லாம் இருந்தது.

ஒன்று மட்டும் குறைந்தது. டீச்சராக ஆவதற்கு ஒரு கல்லூரி. அதுவும் 1922-ல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே வந்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரில், லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி. முதல் பிரின்சிபால் சிஸ்டர் சுப்பலட்சுமி. பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு பயிற்சி, உயர்நிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு ஒன்று, அதற்கும் கீழே படித்து ஆரம்பப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று என்று பல படிகள். கூடவே மாதிரிப் பள்ளி ஒன்று.

மாதிரிப் பள்ளி என்றால் என்ன என்பது ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே படிப்பவர்கள் நிஜக் குழந்தைகள். சொல்லிக்கொடுப்பவள் இன்னும் டீச்சர் ஆகாதவள். பாடக்குறிப்பை முந்தின இரவே எழுதி, பயிற்சியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பாள். என்ன கேள்வி கேட்பது, எந்த இடத்தில் படம் காட்டுவது, கரும்பலகையில் எந்த மூலையில் எதை எழுதுவது, எல்லாம் அதில் இருக்கும். வகுப்பின் கடைசி வரிசையில் சக மாணவிகள் நோட்டோடு உட்கார்ந்து குறை குறித்துக்கொண்டிருப்பார்கள். சாக்கட்டி பிடித்த கை நடுங்கும். குரல் பின் பெஞ்சுக்குக் கேட்காது. குழந்தைகளுக்குப் புதுசு யார் என்று உடனே தெரிந்துவிடும், ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், ஒருத்தி பக்கத்தில் கிள்ளுவாள். எந்தக் காலத்து டீச்சருக்கும் இந்த முதல் மணி மறக்காது.

ஐஸ் ஹவுஸிலிருந்து வந்தவளுக்கு இதில் இன்னொன்றும் இருந்தது. சத்தமாகப் பேசாதே, யார் கண்ணிலும் படாதே, நல்ல காரியத்துக்குப் போகிறவர் எதிரே வராதே என்று நாள் தவறாமல் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். காலையில் அவள் முகத்தில் விழித்தால் அன்றைக்கு விடியாது என்று பெற்ற தாயே நம்பியிருப்பாள். அவள் இப்போது வகுப்புக்குள் நுழைகிறாள். காலை முதல் மணி. முப்பது நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று அவள் முகத்தைப் பார்த்து ஒரே குரலில் வணக்கம் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குச் சகுனம் தெரியாது. டீச்சர் நேற்றுச் சொன்ன கதையின் மீதியை இன்றைக்குச் சொல்வாரா என்பதுதான் அவர்கள் கவலை.

சிஸ்டர் செய்ததில் எது பெரியது என்று யாராவது கேட்டால் நான் இந்த முதல் மணியைத்தான் காட்டுவேன். 1920-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1952 முதல் 1956 வரை மேலவை உறுப்பினர். 1958-ல் பத்மஸ்ரீ. அவையெல்லாம் வந்தன, வரட்டும்.

இனி சங்கத்துக்குத் திரும்புவோம். விடுதி அரசாங்கத்துக்குப் போய்விட்டது, சிஸ்டர் அரசு ஊழியர் ஆகிவிட்டார். அப்படியானால் சாரதா யூனியனுக்கு என்ன வேலை? பல சங்கங்கள் இந்த இடத்தில்தான் வருடாந்தரக் கூட்டமும் தேநீர் விருந்துமாகச் சுருங்கிப் போகும். யூனியன் அப்படி ஆகாததற்குக் காரணம், அரசாங்கத்தின் விதிப்புத்தகத்தில் விழுந்த ஓட்டைகளை அது பார்த்துக்கொண்டே இருந்தது.

ஓர் ஓட்டை வயது. ஐஸ் ஹவுஸ் விடுதியில் சேர 18 வயதுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் இடமில்லை. விதி போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. சின்ன வயதில் வந்தால்தான் பள்ளிப் படிப்பு முடித்துப் பயிற்சி முடித்து வேலைக்குப் போகமுடியும் என்பது கணக்கு. ஆனால் துக்கம் வயது பார்த்தா வருகிறது? இருபத்து மூன்று வயதில், இடுப்பில் ஒரு குழந்தையோடு கணவனை இழந்தவள் எங்கே போவாள்? சின்னப் பெண்ணையாவது அப்பா அம்மா பார்த்துக்கொள்வார்கள். இவளுக்கு அந்த வயதில் அப்பாவே இருக்கமாட்டார். அரசாங்கத்தால் இவளைச் சேர்க்க முடியவில்லை. அரசு ஊழியரான சிஸ்டராலும் விதியை வளைக்க முடியவில்லை. சங்கத்தால் முடிந்தது. 1927-ல் சாரதா லேடீஸ் யூனியன் வயது வந்த பெண்களுக்காகவே தங்கிப் படிக்கும் வசதியோடு சாரதா வித்யாலயாவைத் தொடங்கியது. சந்தாவும் நன்கொடையும் சேர்த்து, அரசு வாசல் மூடிய இடத்தில் ஒரு பக்கவாசல்.

அரசாங்கத்தோடு சேர்ந்து வேலை செய்த சங்கங்களின் வரலாற்றில் இந்த இடம் முக்கியமானது. பணமும் கட்டடமும் பதவியும் அரசிடம். வளைந்து கொடுக்கிற கை சங்கத்திடம். இரண்டையும் ஒரே பெண்மணி, பகலில் ஒன்றாகவும் மாலையில் இன்னொன்றாகவும் பிடித்துக்கொண்டிருந்தார். 1938-ல் வித்யாலயா ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. தியாகராய நகரில் சாரதா வித்யாலயாவில் படித்தேன் என்று சொல்கிற பெண்கள் இன்று நம்மில் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு அது பதினெட்டு வயது தாண்டிய கைம்பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி என்று தெரிந்திருக்காது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் சிஸ்டர் இதே வழியில் நடந்தார். 1942-ல் வயது வந்த பெண்கள் படிக்க மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம். 1937 முதல் பத்தொன்பது வருஷம் அவர் தலைமை வகித்த மயிலாப்பூர் லேடீஸ் கிளப், 1956-ல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நலமையம். 1969 டிசம்பர் 20-ம் தேதி, 83 வயதில் காலமானார்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டேன். 1928-ல் குழந்தை மணத்தைப் பற்றி விசாரிக்க ஜோஷி கமிட்டி அமைந்தபோது, சிஸ்டர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். பெண்ணுக்கு 14 வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. நம் யூனியனின் பெயரும் சட்டத்தின் பெயரும் காதுக்கு ஒன்றாக இருந்தாலும் சம்பந்தமில்லை. சட்டம் அதைக் கொண்டுவந்த ஹர் பிலாஸ் சாரதாவின் பெயரில் வழங்குகிறது. சிஸ்டரின் சாட்சியத்தை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. பதினாறு வருஷமாகக் கட்டி எழுப்பிய தன் விடுதிக்கு இனிமேல் ஒரு பெண்ணும் வராமல் போகட்டும் என்றல்லவா அவர் அங்கே போய்க் கேட்டார்!

அவர் பணியில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஐஸ் ஹவுஸ் பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் பிராமண டீச்சரை ஏற்றுக்கொள்ளும், குழந்தை மணமும் கட்டாயக் கைம்மையும் அந்தச் சமூகத்தில்தான் மிகக் கடுமை என்று அரசாங்கமும் இல்லத்தாரும் காரணம் சொன்னார்கள். காரணம் புரிகிறது. ஆனால் அது பொதுப் பணத்தில் நடந்த விடுதி. 1916-ல் நீதிக்கட்சி பிறந்து, பிராமணரல்லாதாருக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு எங்கே என்று மாகாணமே கேட்கத் தொடங்கிவிட்ட காலம். பயிற்சிக் கல்லூரிக்குள் எல்லாச் சமூகத்துப் பெண்களும் வரமுடிந்தது, அது உண்மையான முன்னேற்றம். தலை சாய்க்க ஒரு பாய் தருகிற இடம் மட்டும் சாதி கேட்டது. பனையேறியின் விதவை, நெசவாளியின் விதவை, சேரியில் பிறந்தவள், இவர்களுக்கு மாகாணத்தில் எந்த மாடி ஜன்னல் திறந்தது? மிஷன் விடுதிகளைத் தவிர அநேகமாக எதுவும் இல்லை. சிஸ்டரின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்தக் கேள்வியால் குறையவில்லை. கேள்வியும் அதனால் சிறியதாகிவிடவில்லை.

1930-ல் அந்தக் கேள்வி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டியது. சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தவர். வாசலில் நின்றவர்கள் அந்தக் குலத்தில் பிறந்த சின்னப் பெண்கள். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வந்தவர்கள். டாக்டரம்மா அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, நகரத்து விடுதிகளில் இடம் கேட்டார். என்ன குலம் என்று திருப்பிக் கேட்டார்கள். சொன்னதும் கையை விரித்தார்கள்.

பெண்கள் அன்று டாக்டரம்மா வீட்டிலேயே தங்கினார்கள்.

(தொடரும்)